என் நம்பர் வந்தால் மட்டும் எடு

நாற்பத்தேழு. சிம் கம்பெனி ஆபீஸ் பலகையில் சிவப்பாய் எரிவது முப்பத்தொன்று. நடுவில் பதினைந்து பேர். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் ஒண்ணேகால் மணி நேரம், கவுண்டர் இரண்டு என்பதால் அதில் பாதி, ஆனால் இரண்டாவது கவுண்டர்ப் பெண் எழுந்து உள்ளே போய்க் கால்மணி நேரமாகிறது. எங்கே போனாள்? போகும்போது கையில் போனை ஏன் எடுத்துக்கொண்டு போனாள்? சாப்பிடப் போகிறவள் டிபன் டப்பாவை அல்லவா எடுத்துப் போக வேண்டும்? தவசிலிங்கம் இப்படித்தான். அரசு பஸ்ஸில் முப்பத்தாறு வருஷம், முதலில் கண்டக்டர், அப்புறம் நடுவழியில் பஸ்ஸை மறித்து ஏறி டிக்கெட் பார்க்கிற செக்கிங் இன்ஸ்பெக்டர். ரிட்டையரான பிறகும் எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் இதில் டிக்கெட் வாங்காத ஆள் யார் என்றுதான் மனுஷனுக்குக் கண் போகும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து இன்னொரு தடவை பார்த்தார். சேவை இல்லை. காலையில் பத்து இருபதுக்கு, பாதித் தாடையில் சோப்பு நுரையோடு பார்த்தபோதும் இதேதான். அணைத்துப் போட்டார். சிம்மைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி போட்டார். எதிர்வீட்டுக்காரரும் அதே கம்பெனி சிம்தான், அவருக்கு நாலு கோடும் ஜம்மென்று நின்றன. அப்போதே புரிந்துவிட்டது. எவனோ ஒருத்தன், எந்த ஊரிலோ ஒரு கடையில் போய் நின்று, நான்தான் தவசிலிங்கம், என் சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி டூப்ளிகேட் வாங்கிவிட்டான். நம்பர் இப்போது அவன் போனில் உயிரோடு இருக்கிறது. இவர் கையில் இருப்பது வெறும் டப்பா.

முதலில் பாங்குக்கு ஓடினார், அதுதான் இப்போது நெஞ்சைக் குத்துகிறது. பாதி மழித்த முகத்தோடு ஓடி, மேனேஜர் மேஜை முன்னால் நின்று, கணக்கை முடக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, முத்திரை குத்திய நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆகா, திருட்டுப்பயலே, இனிமேல் உனக்கு ஒரு மண்ணும் கிடைக்காது என்று ஒரு சிரிப்பு வேறு சிரித்தார். சிரித்துக்கொண்டே மெயின் பஜாரைத் தாண்டி இந்தக் கம்பெனி ஆபீசுக்கு வந்து, டோக்கன் எடுத்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு நிதானமான பிறகுதான் மனுஷனுக்குக் குருவம்மாள் ஞாபகம் வந்தது. பெண்டாட்டி. நாலு வருஷம் இரண்டு மாசமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் கை நீட்டிப் படுத்திருக்கிற பெண்டாட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் அவள் பேரைக் கிட்னிக்குப் பதிந்து வைத்திருக்கிறார்கள். எங்கேயோ யாருக்கோ மூளைச்சாவு ஆகி, அந்த வீட்டு ஜனம் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ரத்தம் பொருந்தினால், வரிசை வந்தால், ஒரு போன் வரும். ஒரே ஒரு போன். எடுக்காவிட்டால் இரண்டாம் தடவை, அதையும் எடுக்காவிட்டால் லிஸ்ட்டில் அடுத்த ஆள். காத்துக்கிட்டு இருக்க முடியாதுங்கய்யா, அது மணிக்கணக்குல கெட்டுப் போற பொருள், என்று ஷகிலா பானு அன்றைக்கே சொல்லியிருந்தாள். அவள்தான் அங்கே கோ‑ஆர்டினேட்டர். அந்தப் போன் வருகிற நம்பர் இன்றைக்கு எவன் கையிலோ இருக்கிறது, இவர் பாங்கு முத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தார். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கையைத் தூக்கியும்விட்டார். பக்கத்தில் ஒரு பொம்பளை பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தக் கையாலேயே தலையைத் தடவிக்கொண்டார்.

ஷகிலா பானு நீட்டிய அந்தப் படிவம் கண்ணுக்குள் நிற்கிறது. தொடர்புக்கு என்று மூன்று கட்டம். மூன்றிலும் வேறு வேறு நம்பர் எழுதணும் அய்யா, ஒண்ணு கிடைக்கலைன்னா ஒண்ணுல பிடிக்கலாம் என்றாள். இவர் மூன்று கட்டத்திலும் தன் நம்பரையே எழுதினார். மூன்று தடவை, அச்சு அசலாய், அழகாய். அவள் பேனாவை வாங்கி, பிள்ளைங்க நம்பர் என்றாள். பிள்ளை இல்லை. அம்மாவோட நம்பர்? அம்மாவுக்குப் போன் கிடையாது என்று வாய் கூசாமல் பொய் சொன்னார். குருவம்மாளிடம் போன் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் எவனோ கேஸ் மானியம் என்று சொல்லிக் கேட்டதற்கு வந்த ஓடிபியைக் கடகடவென்று படித்துக் காட்டினாளே, அன்றைக்கே அவளுடைய டச் போனைப் பிடுங்கிவிட்டு ஒரு பட்டன் போனும் புது சிம்மும் வாங்கிக் கொடுத்தார். அந்த நம்பர் இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. கூடப்பிறந்த தம்பிக்குக்கூடத் தெரியாது. "என் நம்பர் வந்தா மட்டும் எடு. வேற எது வந்தாலும், ஜனாதிபதியே கூப்பிட்டாலும், அடிச்சு ஓயட்டும்." அவளும் பாவம், அப்படியே பழகிவிட்டாள். அடிக்கிற போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம்பரைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, டிவி பார்ப்பாள். அதோடு விட்டாரா? எவனாவது தன் குரலைப் போலப் பேசி ஏமாற்றினால்? அதற்கும் ஒரு ஏற்பாடு. யார் பேசினாலும், இவரே பேசினாலும், சந்தேகமாக இருந்தால் அவள் ஒரு கேள்வி கேட்பாள், அதற்கு ஒரே ஒரு பதில்தான். அந்தப் பதில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரித்தவன் வீட்டில்தானே போன மாசம் கடன் ஆப் என்று ஒரு கூத்து நடந்தது?

முப்பத்தாறு. எங்கே, நடுவில் நாலு பேர் எப்படிப் போனார்கள்? டோக்கனைப் போட்டுவிட்டு வெயிலுக்குப் பயந்து போயிருப்பார்கள். இல்லை, உள்ளே தெரிந்த ஆள் இருந்திருக்கும். வாசலில் காவலுக்கு நிற்கிறவன் காலையிலிருந்து மூன்று பேரைப் பின்வாசல் பக்கம் கூட்டிப் போனான், தவசிலிங்கம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அவனுக்கு இவரைத் தெரியும். போன புதன்கிழமை வந்தபோது அவன்தான் படிவம் எடுத்துக் கொடுத்தான். போன புதன்! ஹேக்கர்கள் சிம்மையே மாற்றி விடுகிறார்கள், கம்பெனியில் உங்கள் கணக்குக்குத் தனியாக ஒரு பின் நம்பர் போட்டு வையுங்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு, ஊரில் ஒருத்தனும் செய்யாத காரியமாக இவர் ஒருத்தர்தான் வெயிலில் வந்து நின்றார். கவுண்டர்ப் பெண்ணுக்கே அது என்னவென்று தெரியவில்லை, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார் என்றாள். பக்கத்துக் கடைக்குப் போனார். முதல் நகல் கறுப்படித்துப் போய் முகமே விழவில்லை. ஆனாலும் நம்பர் தெரிந்தது, பேர் தெரிந்தது, விலாசம் தெரிந்தது, அவசரத்தில் அதன்மேல் கையெழுத்தையும் போட்டிருந்தார். அண்ணாச்சி, இது நல்லா விழலை, வேற எடுக்கேன் என்றான் கடைக்காரன். வேறு எடுத்தான். அந்தக் கறுத்த நகல்? அதை இவர் என்ன செய்தார்? யோசித்துப் பார்த்தார். கிழித்தாரா? மடித்துப் பையில் வைத்தாரா? இல்லையே. கசக்கி, கடை வாசலில் இருந்த அட்டைப் பெட்டியில் போட்டார். கசக்கக்கூட இல்லை, அப்படியே போட்டார். அட பாவி மனுஷா! எத்தனை பஸ்ஸில், எத்தனை பேரை, கீழே இறங்கினவன் போட்டுவிட்டுப் போன டிக்கெட்டை எடுத்து விரலில் சுருட்டி வைத்துக்கொண்டு பயணம் செய்தவர்களை, காலரைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கிறாய்? டிக்கெட்டைக் கிழிச்சுப் போடுங்கம்மா, முழுசாப் போடாதீங்கன்னு எத்தனை பேரிடம் தொண்டை வறள உபதேசம் பண்ணியிருக்கிறாய்? கடைசியில் நீயே முழுசாகப் போட்டுவிட்டு வந்தாயே. பூட்டுப் போட வந்த இடத்தில் சாவியைப் போட்டுவிட்டு வந்தாயே. எழுந்து போய் அந்தப் பெட்டியைப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் கால் பரபரத்தது. ஒரு வாரத்துக் குப்பை, எங்கே இருக்கப்போகிறது, நாற்காலி பறிபோனதுதான் மிச்சமாகும்.

இல்லை, அது இல்லை, முத்துராசுதான். குருவம்மாளின் தம்பி. போன ஞாயிற்றுக்கிழமை வந்தவன், மாமா, என் போன்ல சார்ஜ் இல்ல, ஒரு கால் பண்ணிக்கிறேன் என்று இவர் போனை வாங்கி வாசலுக்குப் போய்ப் பேசினான். வாசலுக்கு ஏன் போகணும்? பேசி முடித்து என்னென்னவோ தட்டினான். அவனுக்கு இவர் பிறந்த தேதி தெரியும், அப்பா பேர் தெரியும், சதாபிஷேகம் வரைக்கும் எல்லாம் நான் பார்த்துக்கிறேன் மாமா என்று வாய் நிறையச் சொல்வான். வாடகைக் கார் ஓட்டுகிறவன், நாலு ஊர்ப் பழக்கம். ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவன் நம்பரையாவது எழுதியிருக்கலாம். என் நம்பரைக் குடுங்க மாமா, நான் காரை எடுத்துக்கிட்டு ஓடியாந்துருவேன்ல என்று அவன் கேட்கத்தான் செய்தான். எட்டு மாசம் முன்னால் ஒரு தடவை போன் வந்ததே, அன்றைக்கு அவன்தான் காரில் கொண்டுபோனான். கிட்னி லிஸ்ட்டில் இவர்களுக்கு முந்தின ஆளுக்கே பொருந்திவிட்டது, திரும்பி வந்தார்கள், குருவம்மாள் வழி முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள், முத்துராசு டீசலுக்குக்கூட ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. ஏன் வாங்கவில்லை? அக்காள் என்ற பாசமா, வேறு கணக்கா? சே, என்ன புத்தி இது. ஆனால் வாசலுக்கு ஏன் போனான்? அன்றைக்குப் போனில் ஷகிலா பானு சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது. "பதறாதீங்கய்யா, ஆனா உடனே கிளம்புங்க." பதறாமல் எப்படியம்மா உடனே கிளம்புவது என்று காரில் போகும்போது இவரும் குருவம்மாளும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்போதெல்லாம் சிரிப்பு வந்தது.

முப்பத்தெட்டு. மணி பன்னிரண்டு பத்து. ஷகிலா பானு நம்பர் போனில் இருக்கிறது, 'பால்காரர் 2' என்று. ஆஸ்பத்திரி என்று போட்டால் போனைத் திருடுகிறவனுக்கு வீட்டில் சீக்காளி இருப்பது தெரிந்துவிடும், அதனால் பால்காரர். குருவம்மாள் நம்பர் 'கரண்ட் ஆபீஸ்'. கூப்பிட வேண்டியதுதான். எதில் கூப்பிடுவது? சுவரில் இலவச வைஃபை என்று பெரிதாய் ஒட்டியிருந்தது. இலவசமாகக் கொடுக்கிறவன் சும்மா கொடுப்பானா? கவுண்டரில் போய்க் கேட்டால் வரிசையில வாங்க சார் என்பாள். யாரிடமாவது போன் வாங்க வேண்டும். யாரிடம்? நீலச் சட்டைக்காரர் இரண்டு போன் வைத்திருக்கிறார், எதற்கு இரண்டு? கண்ணாடி போட்ட பெண் இவர் பார்க்கிறபோதெல்லாம் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். காதில் எதையோ செருகியிருக்கிற ஆள் தனக்குத்தானே சிரிக்கிறான். இவர்கள் போனில் ஷகிலா பானு நம்பரை அடித்தால் அது அதில் பதிந்துவிடும், பதிந்தால் அதை வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம் என்று எவனாவது... ஏன்யா, பெண்டாட்டிக்குக் கிட்னி வருமா வராதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாய், இப்போதும் நம்பர் பதியுமா பதியாதா என்று பார்க்கிறாயே! அரை மணி நேரம். அரை மணி நேரமாக இந்த மனுஷன் ஒரு போன் கேட்கிற தைரியம் இல்லாமல் முகம் முகமாய் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலிப் பொம்பளைதான் கடைசியில் தானாகவே திரும்பினாள். தீப்பெட்டி ஆபீஸ் வேலை என்பது விரல் நுனியில் ஒட்டிக் காய்ந்திருந்த பசையில் தெரிந்தது. கையில் கண்ணாடி விரிசல் விட்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு போன்.

"என்ன அண்ணாச்சி, உடம்புக்கு முடியலையா? ரொம்ப வேர்க்குதே."

"ஒரு போன் பண்ணணும்." வாயிலிருந்து வந்துவிட்டது.

"அதுக்கென்ன, பண்ணுங்க." போனை இவர் மடியிலேயே வைத்துவிட்டாள். "பூட்டியிருக்கும். மேலருந்து கீழ இழுத்து அப்பிடியே வலது பக்கம் இழுங்க, தொறந்துரும்."

இத்தனை பேர் நடுவில்! தவசிலிங்கத்துக்கு அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. இப்படியெல்லாம் சத்தம் போட்டுச் சொல்லலாமா அம்மா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, மேலிருந்து கீழே, பிறகு வலது பக்கம் இழுத்தார். திறந்தது. பால்காரர் இரண்டைப் பார்த்துப் பார்த்து அடித்தார். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் உள்ளார். சரி, அவள் வேலை அப்படி, நாள் முழுக்கப் பேசுகிற வேலைதான். இன்னொரு தடவை. வேறொரு அழைப்பில் உள்ளார். யாரோடு பேசுகிறாள் இவ்வளவு நேரம்? அந்த யோசனை வந்த கையோடு இன்னொன்று வந்தது. தன் நம்பரைத் தானே அடித்தார். பதினாறு வருஷமாக வைத்திருக்கிற நம்பர், ஒரு நாளும் அடித்துப் பார்த்ததில்லை. தன்னைத் தானே யாராவது கூப்பிடுவார்களா? நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் உள்ளார். எந்த நபர்? நபர் இங்கே பாதித் தாடியோடு நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்? அதுவும் பிஸி, இதுவும் பிஸி. ஒரே நேரத்தில். ஐயோ, அவள் அவனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். நாலு வருஷம் இரண்டு மாசம் காத்திருந்த போன் வந்துவிட்டது, அதைத் திருடன் எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறான். ராங் நம்பர் என்பான். வைத்துவிடுவான். அவளும் சரி என்று அடுத்த பேருக்கு விரலை நகர்த்துவாள். குருவம்மாள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? ஒரு மணிக்குத் தட்டுப் போடுவாள். நேற்று டயாலிசிஸ் ஆன உடம்பு, இன்றைக்குக் கொஞ்சம் வாய்க்குப் பிடிக்கும், ஒரு டம்ளர் தண்ணீரை அளந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மடக்காகக் குடிப்பாள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், காபியும் அதற்குள்தான், தாகம் எடுத்தால் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வாள், போட்டுக்கொண்டு இவரைப் பார்த்துச் சிரிப்பாள்.

"கெடைக்கலையா? திரும்ப அடிங்க அண்ணாச்சி, என்கிட்ட ரீசார்ஜ் இருக்கு" என்றாள் தீப்பெட்டி ஆபீஸ்காரி.

பால்காரர் இரண்டு. இந்தத் தடவை மணி அடித்தது, அடித்து அடித்து ஓய்ந்தது. தெரியாத நம்பர், எடுக்கவில்லை. தன் நம்பர். அடித்தது. மணி இல்லை, நாதஸ்வரம். கெட்டிமேளம் கொட்டுகிற இடத்து நாதஸ்வரம் காதுக்குள் பொங்கியது. இது யார் வைத்தது? இவரைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் இத்தனை நாள் இதையா கேட்டுக்கொண்டிருந்தார்கள்? குருவம்மாள்தான் வைத்திருப்பாள், முன்பெல்லாம் இவர் போனை எடுத்து அதையும் இதையும் தட்டுவாள், ஒரு நாள்கூடச் சொல்லவில்லை கள்ளி. நாதஸ்வரம் சட்டென்று நின்றது.

"ஹலோ." ஆம்பிளைக் குரல். முப்பது வயசு இருக்கும்.

"யார்ல நீ?"

அவன் வைக்கவில்லை. ஏதோ மின்விசிறி கிடுகிடுவென்று சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க யாரு?" என்றது குரல்.

"நானா? நான்தான்டா அந்த நம்பரு! திருட்டு ராஸ்கல், போலீசுக்குப் போயி..."

"சார், ஒரு நிமிஷம். குருவம்மாளுக்கு நீங்க யாரு?"

அந்தப் பேரை அவன் வாயில் கேட்டதும் தவசிலிங்கம் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்காரன்" என்றார். வேறு யாரோ சொன்னது போல இருந்தது.

"இப்பத்தான் ஆஸ்பத்திரில இருந்து பேசுனாங்க சார். ஒரு லேடி. பாங்க்கோன்னு நெனச்சு எடுத்துட்டேன். குருவம்மாள் வீட்டுக்காரர்தானேன்னு கேட்டாங்க, நான் ஆமான்னுட்டேன். அப்புறம் அவங்க சொல்லிக்கிட்டே போறாங்க. கிட்னி வந்துருக்காம். இந்தத் தடவை இவங்கதான் மொதல்லயாம். மூணு மணிக்குள்ள வரணுமாம். ஒண்ணும் சாப்பிடக் கூடாதாம், தண்ணிகூடக் கூடாதாம். அரை மணி நேரத்துல திரும்பக் கூப்பிடுவாங்களாம், எங்க வர்றீங்கன்னு. எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிருமாம். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல சார்."

பொய். பொய்யாகத்தான் இருக்கும். பதறியடித்து இவரை இங்கிருந்து கிளப்பிவிட்டால் சிம்மை முடக்க ஆள் இருக்காது, அதற்குத்தான் இந்த நாடகம். போனில் எதையோ தோண்டியெடுத்து, சீக்காளி இருப்பதைத் தெரிந்துகொண்டு, நம்பும்படியாக ஒரு கதை. ஆனால் குருவம்மாள் பேரை இவர் போனில் எங்கேயும் வைக்கவில்லையே, கரண்ட் ஆபீஸ் அல்லவா? முத்துராசு சொல்லிக் கொடுத்திருந்தால்? எத்தனை பேர் இவரிடம் அழுதிருக்கிறார்கள், டிக்கெட் காற்றில் பறந்துபோச்சு சார், பிள்ளை வாயில போட்டுட்டான் சார் என்று, அத்தனையும் உண்மை மாதிரியே இருக்கும். அவர்கள் கண்ணைப் பார்ப்பார், கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். இவன் கண்ணை எங்கே போய்ப் பார்ப்பது? டோக்கன் எண் நாற்பத்தேழு, கவுண்டர் எண் ஒன்று, என்று கூரையிலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது.

"வேற என்ன சொன்னாங்க?" என்றார். "வைக்கிறப்போ வேற எதுவும் சொன்னாங்களா?"

"வேற ஒண்ணும் இல்ல சார். பதறாதீங்க, ஆனா உடனே கிளம்புங்கன்னாங்க."

போனை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்திருப்பது தெரிந்தது. தீப்பெட்டி ஆபீஸ்காரி என்ன அண்ணாச்சி, என்ன என்கிறாள், ஒன்றும் காதில் விழவில்லை. கரண்ட் ஆபீஸை அடித்தார். அடித்தது. முழுசாக அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தார். எடு குருவு, எடு. எடுக்க மாட்டாள். தெரியாத நம்பர். பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பார்த்து, உதட்டைப் பிதுக்குவாள். பழக்கினவர் யார்? மணி பன்னிரண்டு ஐம்பது. வீட்டுக்கு ஆட்டோவில் இருபது நிமிஷம், ரயில்வே கேட் அடைத்திருந்தால் முப்பது. அதற்குள் சோற்றில் கை வைத்துவிடுவாள். பக்கத்து வீட்டு நம்பர்? ஒருத்தர் நம்பரும் இவரிடம் இல்லை, ஒருத்தருக்கும் இவர் கொடுத்ததும் இல்லை. முத்துராசு நம்பர் இருக்கிறது, அடித்தார். மாமா, நான் கௌசிகா நதிப் பாலத்துப் பக்கம்தான் நிக்கேன், என்றவனிடம், வண்டியை எடுத்துக்கிட்டு நேரா மெயின் பஜாரைத் தாண்டி சிம் கம்பெனி ஆபீசுக்கு வாடா, அக்காளுக்கு வந்துருச்சுடா என்றார். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வண்டிச் சாவி திரும்புகிற சத்தம்தான் கேட்டது. சரி, கார் வரும். அதுவரை?

"சார், நாற்பத்தேழு நீங்கதானே?" கவுண்டர்ப் பெண் எழுந்து நின்று கூப்பிட்டாள். இரண்டாவது கவுண்டர்க்காரியும் கையில் ஒரு ஸ்டேப்ளரோடு திரும்பி வந்திருந்தாள். "சிம் மாத்திட்டாங்கன்னு சொன்னீங்களே, நம்பரைச் சொல்லுங்க சார். ஒரு நிமிஷத்துல லாக் பண்ணிடலாம். புது சிம் சாயங்காலம் ஆக்டிவேட் ஆகிடும்."

ஒரு நிமிஷத்தில் பூட்டிவிடலாம். காலையிலிருந்து இந்த வார்த்தைக்குத்தானே தவம் கிடந்தார்? பூட்டினால் அவன் போன் செத்துப் போகும். செத்தால் அரை மணியில் ஷகிலா பானு கூப்பிடுகிறபோது எடுக்க ஒரு ஆளும் இருக்க மாட்டான். மூன்று கட்டம், மூன்றிலும் அதே நம்பர், இந்தப் பொம்பளை போனில் அடித்தாலோ அவள் எடுக்கிறதில்லை. அதோடு இன்னொன்றும் அவர் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. இந்த உலகத்தில் குருவம்மாள் எடுக்கிற நம்பர் ஒன்றே ஒன்றுதான்.

"வேண்டாம்மா" என்றார். "பூட்டிராதீங்க. இப்போ பூட்டிராதீங்க."

"என்ன சார்? நீங்கதானே..."

"பூட்டாதேன்னா பூட்டாதே தாயி!" ஆபீஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். தன் நம்பரை மறுபடி அடித்தார். நாதஸ்வரம். எடுப்பா, வச்சுட்டுப் போயிராதே, எடுப்பா தம்பி. நாதஸ்வரம் நீண்டுகொண்டே போயிற்று, இத்தனை நீளமா வைத்தாள் இவள். நின்றது.

"சார்?"

"தம்பி, நீங்க யாரோ எவரோ, எனக்குத் தெரிய வேண்டாம். நான் சிம்மை முடக்கல. அந்தம்மா திரும்பக் கூப்பிட்டா எடுத்துப் பேசுங்க. கள்ளிக்குடி தாண்டியாச்சுன்னு சொல்லுங்க." இது பொய், மதுரை ரோட்டில் கள்ளிக்குடிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, இருந்தாலும் சொன்னார். "இந்த நம்பரையும் குடுத்துருங்க, இதுல கூப்பிடச் சொல்லுங்க." தீப்பெட்டி ஆபீஸ்காரியைப் பார்த்தார், அவள் எல்லாம் புரிந்தது போலத் தலையாட்டினாள், நீங்களே கொண்டுபோங்க என்று கையையும் காட்டினாள். "இன்னொரு உதவி. ஒரு நம்பர் சொல்றேன், எழுதிக்கிடுங்க."

சொன்னார். இரண்டு வருஷமாக ஒருத்தருக்கும் சொல்லாத பத்து எண்களையும் ஒவ்வொன்றாய், சத்தமாய், இத்தனை பேர் நடுவில், இரண்டு தடவை சொன்னார். அவன் திருப்பிச் சொன்னான். சரியாகச் சொன்னான்.

"அது என் சம்சாரம். உங்க நம்பர்ல... என் நம்பர்ல இருந்து போனாத்தான் எடுப்பா. சாப்பிடாதே, தண்ணி குடிக்காதேன்னு சொல்லணும், உடனே. உங்க குரலைக் கேட்டதும் நம்ப மாட்டா. டிக்கெட் எங்கன்னு கேப்பா."

"டிக்கெட்டா?"

"ஆமா. டிக்கெட் எங்கன்னு கேப்பா. வளையலுக்குள்ளன்னு சொல்லணும்." அருப்புக்கோட்டை பஸ்ஸில், இவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், செக்கிங் ஏறி நிற்கிறது, ஒரு பெண் டிக்கெட்டைக் காணோம் என்கிறாள், டிக்கெட் கொடுக்காத கண்டக்டர் என்று இவர் வேலை போகப் போகிறது, வாங்கவே இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று இவர் அவளை முறைக்கிறார், அவள் பை, மடி எல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் கையைத் தூக்கிப் பார்க்கிறாள், கண்ணாடி வளையல்களுக்கு நடுவே நாலாய் மடித்த டிக்கெட். இதை இந்தப் பயலிடம் எப்படிச் சொல்வது, எதற்குச் சொல்வது. "வளையலுக்குள்ள. அவ்வளவுதான். சொன்னா நம்பிருவா."

"வளையலுக்குள்ள" என்றான் அவன், எழுதிக்கொள்கிறவன் மாதிரி. வெளியே முத்துராசின் கார் ஹாரனை விடாமல் அடித்தது. "சாப்பிடக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாது. சரிங்க சார். எதுக்குன்னு கேட்டாங்கன்னா என்ன சொல்லட்டும்? நீங்க வந்து சொல்லிக்கிறீங்களா?"

நாலு வருஷம் இரண்டு மாசமாக அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று மனுஷன் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்.

"இல்ல தம்பி" என்றார். "கிட்னி வந்துருச்சுன்னு நீங்களே சொல்லிருங்க."